கஞ்சியில் ஒட்டிய பட்டியல்

சிதம்பரம்
13.6.2010

அன்புள்ள பிரிசில்லா அக்காவுக்கு,

நடந்தது எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாக வளைக்கவும் மாட்டேன். தெரிந்ததையே எனக்கு எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நாளைக்கு யாராவது அப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று சொன்னால் எடுத்துக் காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் இந்தக் கடிதங்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகாமல் பத்திரமாக வை.

கடலோர ஊர்க்காரர்களுக்கெல்லாம் அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒருவர் பிப்ரவரியில் நம் சங்குமேட்டுக்கு வந்தார். அவர் வீடு வீடாகப் போகவில்லை. வெயில் என்று ஆண்டி மாமாவின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பெண்களை ரேஷன் கார்டோடு அங்கே வரச் சொன்னார். பெரியம்மா சத்துணவுக் கூடத்தில் இருந்தார், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உங்கள் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது எங்கம்மா. அதில் இருந்த மூன்று பெயரையும் அவர் எழுதிக்கொண்டார். ஆரோக்கியம்மாள், மகள் பிரிசில்லா, மகள் அறிவுமதி. எந்த வீடு என்று கேட்டாராம். எங்கம்மா வாயைத் திறப்பதற்குள் ஆண்டி மாமா டீ ஆற்றிக்கொண்டே, "சிலோன் வீடு சார்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விசாரணை.

அறிவுமதி ஏன் பக்கத்து வீட்டுக் கார்டில் இருக்கிறாள் என்று இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தோன்றும். அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு முன்னால் எங்கம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னை வாசலில் கிடத்தி, ஒரு முறம் தவிட்டுக்குப் பெரியம்மாவிடம் விற்றார்கள். இது வேறு வீட்டுப் பிள்ளை என்று சாவு ஏமாந்து திரும்பிப் போய்விடுமாம். கல்யாணத்தன்று புடவை வைத்துக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை பெற்றவள் வெளியாள் முன்னால் 'என் பொண்ணு' என்று சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் இது புதிதில்லை. ஆனால் எங்கம்மா, சாவு வந்தால் ரேஷன் கார்டையும் வாங்கிப் பார்க்கும் என்பதுபோல, என் பெயரை உங்கள் கார்டிலேயே சேர்க்க வைத்துவிட்டார்.

இந்த மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று சத்துணவுக் கூடச் சுவரில் பட்டியலை ஒட்ட வந்தார்கள். எங்கள் விடுதி இன்னும் திறக்காததால் நானும் ஊரில்தான் இருந்தேன். வந்த ஆளிடம் பசை இல்லை. பெரியம்மா சோறு வடித்த கஞ்சியை ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கஞ்சியைத் தடவி ஒட்டிய தாளில்தான், குடியுரிமை என்ற கட்டத்தில், அவர் பெயருக்கு நேரே 'இலங்கை' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே உனக்கும் இலங்கை. அதற்குக் கீழே எனக்கும்.

பெரியம்மா விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அடுப்படிய வுட்டு வெளிய வர்றதுக்குள்ள நாட்டை வுட்டே அனுப்பிட்டானுங்களா" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட இருப்பிடச் சான்று வேண்டுமே என்றாய். பயமாக இருக்கிறது என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது.

பெரியம்மா சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்தான். ஆனால் எப்படி வந்தார்? அவர் அப்பாவை இந்தியர் என்று எழுதி, இந்திய பாஸ்போர்ட்டும் கொடுத்து, இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டல்லவா அனுப்பிவைத்தன? காலமான லூர்துசாமி பெரியப்பா கடலூர்க்காரர். நீ பிறந்தது கடலூர் பெரியாஸ்பத்திரியில். ஒரு டீக்கடைப் பேச்சு இத்தனையையும் அழித்துவிடுமா? கிராம நிர்வாக அலுவலரிடம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போ. என்ன நடந்தாலும் எழுது.

உன் அன்புத் தங்கை,
அறிவுமதி


சங்குமேடு, கடலூர்
19.6.2010

அடி தவிடு,

உன் கடிதம் வந்தது. கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதறா, ஒழுங்கா சாப்புடறாளான்னு கேளு" என்றது.

வி.ஏ.ஓ.விடம் போனேன். காலையில் போனால் பதினொரு மணிக்கு மேல் வா என்றார்கள். பிறகு போனால் ஜமாபந்திக் கணக்குக்காகத் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுநாள் பார்த்தார். என் பெயரைக் கேட்டதும் ஜெராக்ஸ் கட்டைப் புரட்டி, "நீங்க சிலோன்தான" என்றார். நான் இங்கே பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள் என்று பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். "எங்க பொறந்தாலும் லிஸ்டுல என்னா இருக்கோ அதான்" என்றார்.

அம்மா பாஸ்போர்ட்டை நீட்டியது. தாத்தா, ஆயா, அம்மா, மாமா எல்லாரும் ஒரே போட்டோவில் பயந்துபோய் நிற்பார்களே, அதுதான். அவர் முதல் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நடுவில் விரலை விட்டுப் பிரித்து, தலைமன்னார் முத்திரையைப் பார்த்துவிட்டு, "இதுலயே இருக்குதே, சிலோன்னு" என்றார். கிளம்பின இடத்தில் போட்ட முத்திரை அது என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அப்புறம் ஒரு உபகாரமும் சொன்னார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் அகதிகள் கேம்ப் இருக்கிறதாம். அங்கே போய்ப் பதிந்துகொண்டால் மாதாமாதம் உதவித்தொகையே வருமாம். "ஏம்மா கஷ்டப்படறீங்க" என்றார், நிஜமாகவே இரக்கத்தோடு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து... சரி விடு, எடுக்கவில்லை.

அகதியாக வந்தவர்கள் பட்ட பாடு வேறு. அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா அகதியாக வரவில்லை. உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று அங்கே அனுப்பினார்கள். இப்போது இங்கேயும் அதையே சொல்கிறார்கள். அம்மா எந்த நாட்டுக்குத்தான் போவது? இதே சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷமாக முட்டை உரித்துப் போடுகிறது. எந்த முட்டையை உரிக்கும்போது வெளிநாட்டுக்காரி ஆனது என்று யாராவது சொன்னால் தேவலை.

நர்சிங் விண்ணப்பத்துக்கு ஜூலை கடைசி வரைக்கும்தான் நேரம். ஆட்சேபணை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

உன் வீட்டில் சித்தப்பா முகமே சரியில்லை. எதிரில் பார்த்தால் துறைமுகத்தில் ஏதோ என்ஜின் கழற்றிப் போட்டிருக்கிறது என்று வேகமாகப் போய்விடுகிறார். சின்னம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பியது. ஆனால் உள்ளே வந்து உட்காரவில்லை.

பிரிசில்லா


சிதம்பரம்
24.6.2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கேம்புக்குப் போகச் சொன்னது தெரியாமல் செய்த தவறு என்று என்னால் நினைக்க முடியவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்காமல் நடுப்பக்கத்தைப் பிரித்துத் தீர்ப்புச் சொல்கிறவரை எங்கள் தமிழ் ஐயா வகுப்பிலேயே விட மாட்டார்.

நூலகத்தில் குடியுரிமை பற்றி இருந்த ஒரே புத்தகத்தைப் படித்தேன். பாதி புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பட்டியல் எழுதுகிறவர் யாரையும் இந்தியர் ஆக்குவதும் இல்லை, நீக்குவதும் இல்லை. அவர் வேலை கேட்டு எழுதிக்கொள்வது மட்டும்தான். அவர் கேட்கவே இல்லை. இதை விசாரணையில் சொல். பாஸ்போர்ட்டை நீயே முதல் பக்கத்தைத் திறந்து கையில் கொடு.

ஞாயிற்றுக்கிழமை எங்கப்பா வந்திருந்தார். விடுதிக்குப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு அட்டை இருக்கிறது, அப்பா அம்மா பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். போன வருஷம் எனக்கு அம்மை போட்டபோது பெரியம்மா பஸ் ஏறி வந்து, அட்டையில் பெயர் இல்லை என்று கேட்டுக்கு வெளியிலேயே வேப்பிலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாரே, அந்த அட்டைதான். அப்பா முறுக்கு, ரிப்பன் எல்லாம் வாங்கி வந்தார். ரிப்பன் வாங்குகிற ஆளே இல்லை அவர். "ஒன் விஷயம் முடிஞ்சிடுச்சும்மா, நீ படிப்ப மட்டும் பாரு" என்றார். என் விஷயம் என்றால் என்ன, பெரியம்மா வீட்டு விஷயம் முடிந்ததா என்று கேட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

புவனகிரி தாண்டிக் கடலூர் போகிற பஸ் கால் மணிக்கு ஒன்று இருக்கிறது. எனக்குச் சரியாகப் படவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதினேன்.

அறிவுமதி


சங்குமேடு
1.7.2010

அறிவுமதிக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவாயே, இதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

நேற்று எங்களைத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நீ சொன்னபடி பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த குமாஸ்தா அதைக் கையால் தள்ளிவிட்டு வேறொரு தாளை எடுத்தார். "நாங்க எழுதுனது தப்புன்னா, ஒங்க தெருக்காரரு எழுதுனதும் தப்பா" என்று கேட்டுவிட்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார்.

உன் அப்பா தங்கராசுவின் மனு. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற ஆளை வைத்து எழுதியது. 'எனது மகள் அறிவுமதி, பக்கத்தில் வசிக்கும் இலங்கையைச் சேர்ந்த குடும்பத்துடன் தவறாகக் கணக்கெடுக்கப்பட்டுள்ளாள். மேற்படி இலங்கைக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.' கீழே கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து. அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது என் அப்பா என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

இத்தனை நாள் டீக்கடையில் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்களுக்கு எதிராக இருந்தது. இப்போது எழுத்தில் சாட்சி இருக்கிறது. மனு போட்ட அன்றே உன் பெயரை அடித்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் தாசில்தார் விசாரணையாம், இருபத்திரண்டாம் தேதி.

எவ்விதத் தொடர்பும் இல்லை என்று அவர் வாசித்தபோது அம்மா என் கையிலிருந்த பாஸ்போர்ட்டை வாங்கி மூடியது. வெளியில் வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம், "தவுட்டையாவது திருப்பிக் குடுத்துட்டு எழுதியிருக்கலாம்" என்றது.

நீ இந்தியப் பெண் ஆகிவிட்டாய். சந்தோஷம். எனக்கு இனிமேல் எழுதாதே.

பிரிசில்லா


சிதம்பரம்
4.7.2010

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது. அதை ஒருமுறை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். தெரியாமல் இருந்தது பெருமையும் இல்லை.

இன்றைக்கு அப்பா வந்தார். பார்வையாளர் அறையில் மற்றவர்களும் இருந்ததால் மெதுவாகத்தான் பேசினோம். மனுவைப் பற்றிக் கேட்டேன். மனு எழுதுகிறவர்தான் அப்படி எழுதினால் சீக்கிரம் நடக்கும் என்றாராம். கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். என் ரிப்பனையே பார்த்துக்கொண்டு, "ஒரு தடவ சிலோன்னு ஏறிடுச்சுன்னா சாவற வரைக்கும் அழியாதும்மா. நாளைக்கு ஒனக்கு காலேஜு, வேலை எதுன்னாலும் இழுக்கும். அவுங்களுக்குப் பேப்பர் இருக்குது, எப்பிடியாவது சரி பண்ணிக்குவாங்க. ஒனக்கு என்னா இருக்குது, அந்தக் கார்டுதான" என்றார். பயத்தில் செய்தார் என்று புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை. தன் பிள்ளையைக் கரையேற்ற அடுத்தவர் தலையை மிதித்து ஏறியதற்குப் பயம் என்று பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

எனக்கு அம்மை போட்டபோது கேட்டுக்கு வெளியில் நின்றவருக்கும் நமக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையா என்று கேட்டேன். கொண்டுவந்த முறுக்கை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நான் எடுக்கவில்லை. வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

நேற்றே நானும் ஒரு மனு எழுதி தாசில்தாருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். 'என் தந்தை கொடுத்த மனுவில் பக்கத்து வீட்டைப் பற்றி எழுதப்பட்டது உண்மையல்ல. என்னை நீக்கியது சரியோ தவறோ, அந்த வரியை நீக்க வேண்டும்' என்று எழுதினேன். மைனர் பெண் எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எங்கள் டீச்சர் சொன்னார். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் அந்தக் காகிதம் அந்தக் கட்டில் கிடக்கட்டும்.

அறிவுமதி


சிதம்பரம்
14.7.2010

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் வருகிற நேரத்தில் இந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் இடம் மாற்றி உட்காரவைத்தார்.

எங்கம்மா நேற்றுத் தனியாக வந்தார். தனியாகப் பஸ் ஏறி இவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. அழுதிருந்தார் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லையாம்.

விசாரணையில் நீ வந்து உண்மையைச் சொல்லு என்றேன். பெரியம்மா கார்டில் என் பெயரை ஏன் சேர்த்தாய், டீக்கடையில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் பார்த்தவள் நீ மட்டும்தான் என்றேன். எங்கம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அத்தனை பேரு முன்னால நான் எப்பிடிடி சொல்லுவேன். கல்யாணம் வரைக்கும் வாய்தவறிக்கூட சொல்லக்கூடாதுன்னு இருக்குது. சொல்லி ஒனக்கு எதுனா ஆச்சுன்னா?"

நான் இதை நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்பாதவளாக இருந்தாலும் அவருடைய இரண்டு குழந்தைகள் விஷயத்தில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டக் கூடாது. அதனால் இப்படிச் சொன்னேன். "எனக்கு ஆனா அப்பப் பாத்துக்கலாம்மா. பெரியம்மாவுக்கு இப்பவே ஆயிக்கிட்டிருக்கு."

எங்கம்மா நிமிர்ந்து பார்த்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையில் எண்ணெய் வைக்கவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை. பெரியம்மாவிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்.

அறிவுமதி


சங்குமேடு, கடலூர்
23.7.2010

அறிவுமதிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. நேற்று விசாரணையில் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலேயே வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு அறையில் மேஜை. தாசில்தார் ஒரு பெண். அம்மா அடுப்பை அணைக்காமல், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக வந்து நின்றது. வெளியில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சித்தப்பா கதவோரம் நின்றிருந்தார். ஆண்டி மாமாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில் டீக்கடை என்று ஒன்று இருக்கிறதே தவிர அதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா மறுபடியும் சித்தப்பா மனுவை எடுத்து வாசித்தார். இலங்கைக் குடும்பம் என்று வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "அது பொய்யிங்க" என்றது. திரும்பினால் சின்னம்மா. யார் நீங்கள் என்று தாசில்தார் கேட்டார்.

"மனு எழுதுனவரு பொண்டாட்டிங்க. எம் புருசன்தான், ஆனா எழுதுனது பொய்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. அந்தப் பெண் யார் மகள், ரேஷன் கார்டில் எப்படி வந்தாள் என்று தாசில்தார் கேட்டார். சின்னம்மா வாயைத் திறந்தது, மூடியது. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அமராவதி, வேணாம். சொல்லாத. நான் எதுனா பாத்துக்கறேன்" என்றது. நாங்கள் நாட்டை விட்டே போனாலும் பரவாயில்லை, உன் தலைக்கு ஒன்றும் வரக் கூடாது என்று அம்மா சொல்கிறது. எனக்கு அம்மா மேலேயே கோபம் வந்தது.

சின்னம்மா கேட்கவில்லை. தாசில்தாரைப் பார்த்தபடி, "அறிவுமதி எம் பொண்ணுங்க. நான் பெத்தவ" என்றது. சத்தமாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, யாரோ அடிக்கப் போகிறார்கள் என்பதுபோல. பிறகு ஒன்றொன்றாகச் சொன்னது. தங்காத இரண்டு குழந்தைகள், முறத்துத் தவிடு, கார்டு, பிப்ரவரி மாசம், டீக்கடை பெஞ்சு. "எந்த வீடுன்னதத் தவிர அந்த சார் எங்கள ஒண்ணுமே கேக்கலீங்க. எந்தூரு ஆளுங்கன்னு அவுரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் வாயத் தொறக்கங்காட்டியும் எழுதி முடிச்சிட்டாரு."

ஆண்டி மாமாவைக் கேட்டார்கள். "எல்லாரும் சொல்றதத்தான் சொன்னேன். எங்க வீட்டக்கூடத்தான் டீக்கடை வீடுன்னு சொல்றாங்க, அதுக்காக எங்கள டீத்தூளுன்னா எழுதுவாங்க" என்றார். அவர் செய்ததற்கு அவரைத் திட்டலாம் என்றிருந்தேன், முடியவில்லை.

குமாஸ்தா விடவில்லை. பாஸ்போர்ட்டின் நடுவில் விரலை வைத்து, தலைமன்னார் முத்திரை இருக்கிறது மேடம் என்றார். அம்மா முதல்முறையாக நேராகப் பேசியது. "அது பொறப்பட்ட எடத்துல குத்துனது சார். வந்து எறங்குன எடத்துல குத்துனது அடுத்த பக்கம் இருக்குது. இந்த நாட்டு முத்திரைதான். ஒரே ஒரு பக்கம் திருப்பிப் பாருங்க, கை வலிக்காது."

தாசில்தார் பாஸ்போர்ட்டை வாங்கி முதலிலிருந்து படித்தார். அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பச்சை மையில் எழுதினார். எனக்கும் அம்மாவுக்கும் இந்தியா. வி.ஏ.ஓ. இன்றைக்குச் சான்று கொடுத்துவிட்டார். விண்ணப்பம் போய்விட்டது.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இனிமேயாவது கரெக்டா சொல்லுங்கம்மா" என்று குமாஸ்தா எங்களுக்குத்தான் புத்தி சொன்னார்.

எல்லாரும் போன பிறகு சித்தப்பா சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று, "பர்னர் அடைச்சிருக்குதாக்கா, பாக்கட்டுமா" என்று கேட்டார். பர்னர் நன்றாகத்தான் இருந்தது. அம்மா விலகி வழிவிட்டு, "பாரு" என்றது. நானாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நான் இன்னும் அவரோடு பேசவில்லை, எப்போது பேசுவேன் என்றும் தெரியவில்லை.

உன் மனுவும் அந்தக் கட்டில் இருந்தது. தாசில்தார் படித்துவிட்டு, "யாரும்மா இது, தபால்ல சண்டை போடறது" என்று கேட்டார். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே நேரத்தில், "எங்க பொண்ணுங்க" என்றார்கள்.

பிரிசில்லா

பின்குறிப்பு: ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை.


சங்குமேடு, கடலூர்
6.8.2010

தவிடு,

அவசரமாக எழுதுகிறேன். திருத்திய பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை அம்மா கஞ்சி கொடுக்கவில்லை. "பசை வாங்கிட்டு வாங்க, சர்க்காருகிட்ட இல்லாத காசா" என்று சொல்லிவிட்டது.

நாங்கள் இருக்கிறோம். சித்தப்பா, சின்னம்மா இருக்கிறார்கள். நீ இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை. கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நீக்கத்தான் மனு வந்ததாம், உங்கள் வீட்டில் சேர்க்கச் சொல்லி எந்த மனுவும் வரவில்லையாம். சேர்க்க வேண்டுமானால் பழைய இடத்தில் நீக்கிய சான்று வேண்டுமாம். சரி, கொடுங்கள் என்றேன். நீ எங்கள் வீட்டில் இருந்ததே தவறு என்று முடிவானதால், இல்லாத ஒன்றை நீக்கியதாகச் சான்று தர முடியாதாம். இதைச் சொல்லும்போது குமாஸ்தா முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

சின்னம்மா பயந்துபோயிருக்கிறது. தான் வாயைத் திறந்து சொன்னதால்தான் இப்படி ஆனது என்கிறது. அம்மா நேற்று ஒரு முறம் தவிட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய், "திரும்பவும் வாங்கிக்கிட்டேன், போ, போயி வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தது. ஆக உன்னை இரண்டு தடவை வாங்கியிருக்கிறோம். அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்.

எனக்கு நர்சிங் கலந்தாய்வுக்குக் கடிதம் வந்திருக்கிறது.

அக்கா


சிதம்பரம்
12.8.2010

அன்புள்ள அக்காவுக்கு,

நர்சிங் செய்தியைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அது சந்தோஷம். மற்றதற்கு வந்தது கோபம்.

இந்த நாட்டில் இப்போது நான் எந்த வீட்டிலும் இல்லை. சிலோன் என்று தவறாக எழுதியிருந்தபோதாவது நான் ஒரு வீட்டில் இருந்தேன். திருத்தம் என்று சொல்லி என்னைத் துடைத்துவிட்டார்கள். பிழை செய்தவர் யாரும் இதற்காக நம் தெருவில் ஒரு நடைகூட நடக்கவில்லை. வேகாத வெயிலில் நடந்தது நீயும் பெரியம்மாவும் எங்கம்மாவும்தான். பழைய பட்டியல் இன்னும் சுவரில் இருக்கிறதா? பெரியம்மாவின் கஞ்சி லேசில் விடாது. இருக்கட்டும், கிழிக்க வேண்டாம். பிள்ளைகள் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது படிக்கட்டும்.

சேர்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லி எங்கம்மாவுக்கு அனுப்புகிறேன். மனு எழுதுகிறவரிடம் போக வேண்டாம் என்று மேலேயே குறிப்பு எழுதிவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்து கேள். பேச வேண்டாம், கேட்டால் போதும்.

இன்னொன்றும் நடந்தது. விடுதியில் பார்வையாளர் அட்டையைப் புதிதாகப் பூர்த்தி செய்யச் சொன்னார்கள். பெயர், உறவு என்று இரண்டு கட்டம். தங்கராசு, அப்பா. அமராவதி, அம்மா. அதற்குக் கீழே ஆரோக்கியம்மாள், அம்மா என்று எழுதிக் கொடுத்தேன். வார்டன் கூப்பிட்டார். "என்னாடி இது, ரெண்டு அம்மா? ஒண்ண அடிச்சிட்டுக் குடு" என்று சிவப்புப் பேனாவை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. எதுவும் தவறாக எழுதவில்லை மேடம், அடிப்பதற்கு ஒன்றும் இல்லை என்றேன். வார்டன் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேஜைக்குள் வைத்துக்கொண்டார். விசாரிக்கட்டும். இவராவது கேட்டுவிட்டு எழுதட்டும். அடுத்த ஞாயிறு பெரியம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பு. கேட்டுக்கு வெளியில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வந்து என் பெயரைச் சொல்லச் சொல்.

கடைசி வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.